தெர்மோஸ்டாட்டில் போட்ட ஓட்டை

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். வண்டி சூடானால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். இஞ்சின் சூடேறிய பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் சின்ன வால்வு அது. "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு மாமு?" என்பார்கள். என் முந்தைய வண்டி அப்படித்தான் இஞ்சின் சரியாகச் சூடேறாமல் பெட்ரோலைக் குடித்துக் குடித்து நாசமானது. அன்றிலிருந்து ஒருத்தனையும் நான் நம்புவதில்லை.

இப்போது ஓட்டுவது ஒரு பழைய வேன். காசிமேட்டில் மீன் எடுக்கும் பெண்களைக் கூடைகளோடு மணலிக்கு ஏற்றிப் போகிறேன். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். ஒருநாள் வண்டி வழியில் நின்றே போனது. ஐஸ் உருகி மீன் தண்ணீர் சாலையில் ஓடியது.

"இன்னொரு தபா நின்னுச்சி, நாங்க வேற வண்டி பாத்துப்போம். அப்பால வந்து மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்காத" என்றாள் அவர்களில் மூத்தவள்.

அவர்கள் போனால் என் வேனுக்கு வேறு வேலை கிடையாது.

புதுத் தெர்மோஸ்டாட்டை நானே வாங்கிக்கொண்டு திருவொற்றியூர் மெக்கானிக்கிடம் போனேன். அவன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். இந்த வேனில் இஞ்சின் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால். நடுவில் நீளமான குழாய்.

"தண்ணி ஊத்தசொல்ல காத்து உள்ள மாட்டிக்கினு கீது. வால்வு மூடிக்கினு கீதுல்ல, அது வெளிய போவ வழியில்ல. வால்வ சுத்தி கீற தகட்டு ஓரத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டா பூடும்."

புதுச் சாமானில் ஓட்டையா? எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஓட்டை போடுகிறேன் என்று உள்ளே எடுத்துப் போவான், பழையதை மாற்றிக் கொண்டுவருவான். ஆணியால் தகட்டில் ஒரு பெருக்கல் குறி கீறினேன்.

"இன்னா மாமு, மாட்டுக்கு சூடு போடறியா?"

"உன்ன மாரி நெறைய பேர பாத்துட்டேன். இங்க வெளிய வெச்சு போடு."

முணுமுணுத்துக்கொண்டே டிரில்லை வயரோடு வெளியே இழுத்து வந்தான். ஓட்டை போட்டான், மாட்டினான், தண்ணீர் ஊற்றினான். அவன் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. வண்டியை ஓடவிட்டோம். முள் மறுபடியும் ஏறியது.

"மாத்திட்டியாடா?"

"அவுத்துக் காட்டறேன், பாத்துக்க."

இஞ்சின் ஆறியதும் கழற்றினான். என் குறி அப்படியே இருந்தது. ஆனால் ஓட்டை கீழ்ப்பக்கம் இருந்தது. இந்த வண்டியில் அந்தத் தகடு நெட்டுக்குத்தாக நிற்கும். காற்று மேலே போய் நிற்க, இவன் வழியைக் கீழே வைத்திருக்கிறான்.

"கயட்டித்தான் மாமு பயக்கம். மாட்டறது எங்க மாட்டனோம்?" என்று சிரித்தான். "நீ என் கையவே மொறச்சிக்கினு இருந்தியே, ஓட்டை எங்க கீதுன்னு பாத்தியா?"

அதைப் பார்ப்பது அவன் வேலை.

ஓட்டையை மேலே வைத்து மாட்டினான். தண்ணீர் ஊற்றியதும் குபுகுபுவென்று குமிழி வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினோம். இந்த முறை முள் பாதியில் நின்றது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு "கெளம்பு" என்றான்.

"நாளைக்குக் காலைல நீயும் வண்டில வர்ற."

வந்தான். கூடைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தான்.

"இது யாரு நைனா?" என்றாள் மூத்தவள்.

"வண்டி நின்னா தள்றதுக்கு ஆளு."

லாரி வரிசை நகரவேயில்லை. எல்லோரும் முள்ளையே பார்த்தோம். அது பாதியைத் தாண்டவில்லை.

"இப்பவாச்சும் நம்பறியா மாமு?"

"மணலி வரட்டும்."

மணலி வந்தது. கூடைகளை இறக்கிவிட்டு மூத்தவள் என்னிடம் திரும்பினாள்.

"நாளைக்கு சீக்கிரம் வந்துடு. இந்த ஆள இட்டாராத, கூடைய வைக்க எடம் பத்தல."