பதினோராவது இடம்

பேருந்துப் பணிமனையில் அவளை 'சிட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலடி எட்டங்குலம். மணிக் கயிற்றை எட்டிப் பிடிக்க இருபது வருஷம் குதிகாலை உயர்த்தியே நின்ற நடத்துநர். நாற்பத்து மூன்றாம் வயதில், இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார் மருத்துவர்.

"உங்க நெஞ்சுக்கூடு சின்னதும்மா. பெரிய ஆளோடது உள்ள அடங்காது. மத்தவங்கள விட நாளாகும்."

காத்திருப்போர் பட்டியலில் பத்து மாதத்தில் நான்காம் இடத்துக்கு வந்தாள். ஒருமுறை அழைப்பும் வந்தது. அரக்கப் பரக்கப் போய், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எட்டு மணி நேரம் படுத்திருந்தாள். வந்த நுரையீரலில் நீர் கோத்திருந்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நாடு முழுக்க விதி மாறியது. முன்னால் பதிந்தவருக்கு முதலில் என்பது போய், உடம்பு மோசமானவருக்கு முதலில் என்றானது. அவள் பதினோராவது இடத்துக்கு இறங்கினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலாவதா இருந்தவள இப்படியா தள்றது? நாளைக்கே போய்க் கேக்கறேன்."

ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு அவள் சொன்னாள்: "ஏறின வரிசையப் பாத்தா நான் பஸ்ஸுல இடம் குடுத்தேன்? நிக்க முடியாதவங்களுக்கு, உக்காந்திருந்தவங்கள எழுப்பித்தானே குடுத்தேன்."

"அது பஸ்ஸு. இது உசிரு."

"தெரியும். எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா கேக்கப் போகாதீங்க."

அவன் போகவில்லை. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் குளியலறைக்கு நாலு எட்டு வைத்தாலே உதடு நீலம் பாரித்தது. உடம்பு இறங்க இறங்க இடம் ஏறியது: ஏழு, ஐந்து, இரண்டு.

"நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்கே தெரியலம்மா" என்றார், பட்டியலைக் கவனிக்கும் நர்ஸ்.

"ரெண்டும்தான்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அழைத்தார்கள். இறந்துபோன ஒரு பெண்ணின் நுரையீரல், அளவு கச்சிதம். முதலிடத்தில் இருந்தவர் நெடுநெடுவென்று உயரமானவர். அவருக்கு அது பொருந்தாது. அறுவைக்கு ஒன்பது மணி நேரமானது. பதினோரு நாள் கழித்துச் செயற்கை சுவாசத்தை எடுத்தார்கள்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் நர்ஸிடம் கேட்டாள். "அந்த உயரமானவருக்குக் கெடச்சுதா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

அவர் முகத்தைப் பார்த்து, அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது பணிமனையில், பயணிகள் விட்டுச்செல்லும் பொருள்களுக்கான அறை அவள் பொறுப்பு. வேளைக்கு ஒரு கை மாத்திரை. மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறாள்.