சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு

ஓட்டலில் எனக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேராக 'டேட்டு அக்கா', முதுகுக்குப் பின்னால் 'போலீசு'. இரண்டுமே என் காதுக்கு வந்து சேர்ந்துவிடும். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரப் பயணிகள் வந்து தங்குகிற ஓட்டல் அது. அதன் சமையலறையில் எனக்குச் சமைக்கிற வேலை கிடையாது. வருகிற சாமானைப் பார்த்து வாங்குவது, குளிர் அறையில் அடுக்குவது, எதை எப்போது செய்தார்கள், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது, எழுதியபடி நடக்கிறதா என்று எல்லோர் உயிரையும் வாங்குவது. இதுதான் என் உத்தியோகம். அப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. யார் கூப்பிடப் போகிறார்கள்?

காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் வரும். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், விரலால் ஒரு அழுத்து அழுத்துவேன். அழுத்திய பள்ளம் மேலே எழும்பாவிட்டால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். கொண்டுவருகிறவர் பதறுவார்.

"யக்கா, காத்தாலதான் போட்லேந்து எறங்குச்சு. மாதா சத்தியமா!"

"மாதாவ ஏன்யா இழுக்குற? ஐஸ் எங்க, அதச் சொல்லு."

பச்சை இறைச்சி கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், சமைத்தது மேல்தட்டில். மாற்றி வைத்தால் மேலே இருந்து ரத்தம் சமைத்ததன் மேல் சொட்டும். மீன் நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. கொதித்த சூப்பை அண்டாவோடு மூடிவைத்து ஆற விடக் கூடாது. அகலத் தட்டில் ஊற்றி, ஐஸ் மேல் வைத்து, சட்டென்று ஆற்றி உள்ளே வைக்க வேண்டும். கொதிக்கிற சூட்டில் கிருமி சாகும், குளிரில் முடங்கிக் கிடக்கும், வெதுவெதுப்பில்தான் அதற்குக் கொண்டாட்டம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இன்னொன்றும் உண்டு. கெட்டது என்று தூக்கிப் போடுகிற எதையும் சும்மா கொட்டக் கூடாது, சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'அநியாயமா போகுதே' என்று யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். எனக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றக் கை தானாகப் போகும்.

மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் உட்காருவேன். குளிர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, ஒரு முக்காலியில், ஒண்டியாக. யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாள் பூராவும் 'கையைக் கழுவுனியா, நகத்தை வெட்டுனியா' என்று கேட்கிறவள் பக்கத்தில் நிம்மதியாக யார் சாப்பிடுவார்கள்? நானே உட்கார மாட்டேன்.

அம்மா போன பிறகு, வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். கல்யாணம் கூடிவராமலே போன கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அதில் ஒரு சுவாரசியமும் கிடையாது. அறையில் ஒரு சின்ன பிரிட்ஜ் உண்டு. அதற்குள் ரசத்தின் மேல் ஸ்டிக்கர், பீன்ஸ் பொரியலின் மேல் ஸ்டிக்கர். எழுதுவதும் நான், படிப்பதும் நான். கரையில் மீன் விற்கிற அம்மாவிடம் நாலு சங்கரா கேட்டால், "வூட்ல எத்தினி பேரு?" என்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். "நான் ஒருத்திதான்" என்றால், கூட ஒரு மீனைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் திரும்பிக்கொள்வாள். அந்தக் கூடுதல் மீன் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு எனக்கு விடுமுறை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். தம்பிக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அவன், அவன் மனைவி, ஒரே மகள். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பாள். ராத்திரி ஒரு கொதி, விடிந்ததும் ஒரு கொதி. ஞாயிறு காலையில் அதன் மேல் எண்ணெய் மிதந்து நிற்கும். கீழே பாய் விரித்து நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு அந்தக் குழம்பில் முக்கிச் சாப்பிடுவோம்.

"அண்ணி, இதுல டேட்டு ஒட்டலையே. பரவால்லையா?" என்று தம்பி மனைவி சீண்டுவாள்.

"புளியும் காரமும் இருக்கு, ரெண்டு கொதி வேற வந்திருக்கு. இத எந்தக் கிருமிம்மா தொடும்? ஊத்து" என்பேன்.

உள்ளபடி சொன்னால், ஓட்டலில் யாராவது அப்படி ஒரு சட்டியை ராத்திரி முழுக்க வெளியே வைத்திருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். தம்பி வீட்டில் அதெல்லாம் எனக்கு ஞாபகம் வராது. வாரம் முழுக்க நான் மனுஷர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே சாப்பாடு அதுதான். அதை இழந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்த மே மாதம் தம்பி மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று. ஆனால் விருந்தின் பெருமை பிரியாணி இல்லை. தம்பி மனைவியின் அம்மா தன் கையால் செய்கிற மயோனேஸ்தான். அவர்கள் 'சொல்தா' வீடு. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். அந்தம்மா பச்சை முட்டையின் மஞ்சள்கருவைத் தனியாக எடுத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கிக்கொண்டே இருப்பார். வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் மேல் அதை ஊற்றினால் அதற்குப் பேர் 'சலாத்'. அந்த வீட்டு விசேஷத்தில் சலாத் இல்லை என்றால் விசேஷமே இல்லை.

பூசை நீண்டுகொண்டே போனது. அப்புறம் போட்டோ. அப்புறம் திண்டிவனத்திலிருந்து வரவேண்டியவர்களுக்காகக் காத்திருப்பு. கரண்ட் வேறு போய்விட்டது. நான் எப்போதும் போல மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கம் போனேன். பழக்கதோஷம், வேறென்ன. ஜன்னலோரம், வெயில் விழுகிற மேசையின் மேல், லேஸ் துணி போட்டு மூடிய பெரிய பாத்திரம். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. துணியை விலக்கினேன். நடுவில் எண்ணெய் பிரியத் தொடங்கியிருந்தது.

தம்பி மனைவியைத் தனியாக அழைத்தேன். "இது எப்பம்மா பண்ணது?"

"விடியக்காத்தால அண்ணி. ஏன்?"

"இத வைக்க வேணாம். பச்ச முட்ட. இந்த வெயில்ல இம்மா நேரம் கெடந்திருக்கு."

அவள் முகம் மாறியது. "எங்கம்மா நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து பண்ணுது அண்ணி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

தம்பி வந்தான். "யக்கா, இன்னிக்கி ஒரு நாளு வுட்டுடேன். எல்லாரும் வந்திருக்காங்க."

"புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாருடா பதில் சொல்றது?" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். என் தாழ்ந்த குரலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

அதற்குள் பரிமாறுகிறவர் பாத்திரத்துக்குள் கரண்டியைப் போட்டுவிட்டார். வெளியே முதல் பந்தியில், வெள்ளைக் கவுனும் தலையில் பூவளையமுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் பிள்ளை நடுவில். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தேன். பாத்திரம் கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினேன். நிமிர்ந்தபோது வாசற்படியில் அந்தம்மா நின்றுகொண்டிருந்தார், நல்ல பட்டுப் புடவையில். "மோன் தியே" என்றார். கடவுளே என்று அர்த்தம். அங்கிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு ஒருத்தருக்கும் வயிறு வலிக்கவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. கொட்டியதை யாரும் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், நான் வீம்புக்குக் கொட்டினேன் என்று ஆகிவிட்டது. இதை யாரிடம் போய் வாதாடுவது? ஓட்டலில் செஃப்பிடம் சொன்னேன். "நல்ல வேல செஞ்ச" என்று ஒரே வார்த்தை, அவர் பாட்டுக்கு வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டார். இன்றைக்கும் அதே பாத்திரம் அதே வெயிலில் இருந்தால் கொட்டத்தான் செய்வேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று கோயில் வாசலில் நின்று யோசித்தேன். போனேன். சண்டை போடுவார்கள், நானும் நாலு வார்த்தை பேசலாம், அழலாம், முடிந்துவிடும் என்று நினைத்தேன். சண்டையே போடவில்லை. "வாங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. பாய் விரிக்கவில்லை. நடுக்கூடத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. என் கண் முன்னாலேயே தட்டை வெந்நீரில் கழுவினாள். ஆவி பறக்கிற இட்லி, அப்போதுதான் அரைத்த சட்னி.

"மொதல்ல நீங்க சாப்டுடுங்க அண்ணி. எல்லாம் இப்ப பண்ணதுதான்."

சாப்பிட்டேன். நான் கை கழுவிய பிறகு அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சமையலறையிலிருந்து குழம்பு வாசனை வந்தது. பிள்ளை ஏதோ சொல்ல, தம்பி வாய் விட்டுச் சிரித்தான். நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, காலண்டரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தட்டு சுத்தம், டம்ளர் சுத்தம், சாப்பாடு சூடு. என் வாழ்நாள் பூராவும் ஓட்டலில் எதற்காகக் கத்தினேனோ அது அத்தனையும் என் ஒருத்திக்காக அந்த வீட்டில் நடந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எனக்கு அழுகையும் கோபமாகத்தான் வரும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு. வாசற்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது, வஞ்சிரம், மாங்காய் போட்டு வைத்திருக்கிறாள். என்னால் முடியவில்லை. எனக்காக இட்லி எடுத்து வைத்திருந்த மேசையில் உட்காராமல் நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் அந்த நேத்துக் கொழம்பு கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன்.

தம்பி மனைவி கரண்டியோடு நின்றாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி குனிந்துகொண்டான்.

"வேணாம் அண்ணி" என்றாள். கோபமே இல்லை, அத்தனை பதமாகச் சொன்னாள். "ராத்திரி முழுக்க வெளியவே இருந்தது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நாங்க யாருக்கு அண்ணி பதில் சொல்றது?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே யோசித்தேன். எனக்கு ஒன்று ஆனால் இவர்களைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமே, யார்? அம்மா இல்லை. அந்த வீட்டுக்கு வெளியே எனக்கு ஒருவரும் இல்லை. அது எனக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கும், சொல்லி முடித்த பிறகு, தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் பார்வை சட்டென்று சட்டிக்குப் போனது. ஆனால் ஊற்றவில்லை.

எழுந்து நடுக்கூடத்துக்குப் போனேன். இட்லி இன்னும் சூடாகத்தான் இருந்தது.