தாராவிக்கு ரேஷன் கடை வந்த நாள்

ஆவாரம்பட்டை ஊறும் தோல் தொட்டிகளின் வாடை... மாட்டுங்கா வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் என் பின்னலில் அது இருக்கும். அம்மா கிட்டே வந்து முகர்ந்துவிட்டு, "இன்னிக்கும் தாராவியா?" என்று மட்டும் கேட்பாள்.

உலகச் சண்டை முடிந்து சட்டசபைத் தேர்தல் வந்த சமயம். பி.ஏ. முடித்த கையோடு, எங்கள் பக்கம் தேர்தலில் நின்ற வக்கீல் சாரின் எலெக்‌ஷன் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். நோட்டீஸ் எழுதுவது, டைப் அடிப்பது, கூட்டத்துக்குப் பெண்களை அழைத்து வருவது... எல்லாம் நான்தான்.

தாராவியில் தோல் தொட்டிகளை ஒட்டித் திருநெல்வேலிக்காரர்கள் இருந்த தெரு அது. சொத்தோ படிப்போ இருந்தால்தான் ஓட்டு என்ற காலம்; அங்கே ஓட்டு இருந்ததென்னவோ ஏழெட்டுப் பேருக்குத்தான். ஆனாலும் வக்கீல் சார் அங்கே நின்று, உங்கள் தெருவுக்கே ரேஷன் கடை கொண்டுவருகிறேன் என்றார். சயான் கடை வரை நடந்து, பாதி நாள் லைனில் நின்று, கல்லும் அரிசியுமாக வாங்கி வந்துகொண்டிருந்த பெண்கள் அதை நம்பினார்கள். நானும்தான்.

ஜெயித்தார். கடை கேட்டு மனு எழுதும் வேலையை என்னிடம் விட்டார். எத்தனை குடும்பம், கார்டில் எத்தனை பேர் என்று வீடு வீடாக எழுதி வரச் சொன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு லைப்ரரியில் வெள்ளைக்காரர்களின் கமிஷன் ரிப்போர்ட்டுகளை விழுந்து விழுந்து படித்த கர்வம். அவர் கேட்காத ஒரு கட்டத்தையும் சேர்த்துப் போட்டேன். 'குறிப்பு.'

இசக்கியம்மாளின் புருஷனுக்குத் தோல் ஷெட்டில் வேலை. மூன்று பிள்ளைகள். கார்டில் மாமியார் பெயரும் இருந்தது. ஆளைக் காணோமே என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"அத்தை ஊருக்குப் போயி ஆறு மாசம் ஆவுது. பிள்ளையளுக்கு அரைப்பங்குதான தாராவ... அவுக பங்கை வச்சுத்தான் ஒப்பேத்துதேன். ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன."

அந்தத் தெருவின் வழக்கமே அதுதான். திருநெல்வேலிப் பக்கம் யாராவது போனால் கார்டில் பெயர் அப்படியே இருக்கும். அந்த அரிசி, இருக்கிற பிள்ளைகளுக்கு. அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஆனாலும் எழுதினேன்... 'ஊரில் இருக்கிறார்.' ரிப்போர்ட் என்றால் உண்மையாக இருக்க வேண்டாமா? அப்படி முப்பது நாற்பது வீடுகளில் எழுதினேன். நானே டைப் அடித்து மனுவோடு இணைத்தேன். வக்கீல் சார் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

நான்கே மாதத்தில் கடை வந்துவிட்டது. திறப்பு விழாவில் அவருக்கு மாலை, எல்லோருக்கும் சர்க்கரையில்லாத டீ. கடைக்குள் ஒரு ரேஷன் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து, வருகிற கார்டையெல்லாம் வாங்கி ஒரு தாளோடு ஒப்பிட்டு, சிவப்பு மசியால் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நான் டைப் அடித்த தாள்.

இசக்கியம்மாள் கார்டோடு வெளியே வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"கடை பக்கத்துல வந்துட்டு. சோறுதான் தூரமாப் போயிட்டு" என்றாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே வக்கீல் சாரிடம் போய், அந்தப் பெயர்களைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பேசினார்.

"சட்டப்படி அவா இங்கே இல்லையேம்மா. நீயேதானே எழுதியிருக்கே? விடு. அடுத்த எலெக்‌ஷன்ல நாம சொல்லப்போறதே இந்தக் கடையைத்தான்."

மறுநாளே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் ரேஷன் கணக்குப் பார்க்கும் சப்ளை கமிட்டியில் எனக்கு இடமே கிடைத்தது. இப்போது கோட்டைப் பக்கம் சர்க்கார் ஆபீஸ், தலைக்கு மேல் ஃபேன், டைப் அடிக்கத் தனி ஆள். பின்னலில் எந்த வாடையும் இல்லை.

நடுவில் ரேஷனை எடுத்தார்கள், மறுபடி வைத்துவிட்டார்கள். புதுக் கார்டுக்குக் கணக்கெடுக்க அதே தெருவுக்கு ஒரு பெண்ணை அனுப்பினோம். போன வாரம் வந்து என்னிடம் சலித்துக்கொண்டாள். மகா பொய்க்காரர்களாம். எந்த வீட்டில் கேட்டாலும், எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், இப்போதுதான் வெளியே போனார்கள் என்கிறார்களாம். மூன்று வருஷமாக அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட ஊருக்குப் போனதே இல்லையாம்.

அப்படியே எழுதிக்கொள் என்றேன்.