சம்பளத்துக்கு ஒரு போட்டியாளர்

தெருவில் அவரை எட்டாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்புக்கடைக்காரர். யார் வந்தாலும் முதலில் காலைப் பார்த்து, "வாங்க ஆறு, என்ன ஆளையே காணோம்?" என்று கேட்பார். பதிலுக்குத் தெருக்காரர்கள் அவருடைய செருப்பு அளவையே அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

எதிரில் ஒரு கம்பெனி மூன்று மாடியில் செருப்புக்கடை திறந்தபோது அவர் அசரவில்லை. "சந்தைன்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க. சரக்கு நல்லாருந்தா நம்மள யாரு அசைக்க முடியும்?" என்று மனைவியிடம் மார்தட்டினார். கம்பெனியோ ஊரிலிருந்த செருப்புக்கடைகளை ஒவ்வொன்றாக விழுங்கி ஏப்பம் விட்டது. மிஞ்சியது இவர் மட்டும்தான். ஈ ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் ஒருநாள், "கடையை மூடுகிறோம்" என்று அட்டையில் எழுதி மாட்டினார்.

ஆணி அடித்த சுத்தியலைக் கீழே வைப்பதற்குள் எதிர்க்கடை மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். எட்டாம் நம்பர் குனிந்து அவர் காலைப் பார்த்தார். ஏழரை. சனி வாசலுக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, தயவுபண்ணி மூடாதீங்க. நீங்களும் போயிட்டா போட்டியே இல்லைன்னு சொல்லி அரசாங்கம் எங்க கம்பெனியை ரெண்டா உடைச்சிடும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"போட்டி போடுங்க. சம்பளம் நாங்க தர்றோம்."

மாதச் சம்பளம், மருத்துவச் செலவு, வாரம் ஒருநாள் லீவு. எட்டாம் நம்பர் கம்பெனியின் போட்டியாளராக வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனியே ஏசி மாட்டிக் கொடுத்தது. வியாபாரம் படுத்தால் கம்பெனி ஊழியர்களே வரிசைகட்டி வந்து செருப்பு வாங்கினார்கள்.

ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்தது. விலையைப் பாதியாகக் குறைத்தார். எதிர்க்கடை வெறிச்சோடியது. ஏழரை ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "பிரமாதம்ணே! இதுதான் போட்டி! உங்களுக்குச் சம்பள உயர்வு!" ஆத்திரத்தில் எட்டாம் நம்பர் விலையை இரண்டு மடங்காக்கினார். கூட்டம் மொத்தமும் எதிர்க்கடைக்குத் தாவியது. அதற்கும் ஒரு உயர்வு.

"உங்களுக்கு ஜெயிக்கவும் தெரியல, தோக்கவும் தெரியல" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு காய்ச்சலில் படுத்தார். எழுந்து கடைக்குப் போனால், கடை திறந்திருக்கிறது. அவருடையதைப் போலவே கட்டம்போட்ட சட்டையில் ஒரு கம்பெனி ஆள் உட்கார்ந்து, பத்தாம் நம்பர் காலைப் பார்த்து, "வாங்க ஆறு" என்கிறான்!

எட்டாம் நம்பருக்குப் பொறுக்கவில்லை. நேரே எதிர்க்கடை மாடியேறினார். "தம்பி ஏழரை, இனி நீயே அங்க உக்காந்து போட்டி போடு. எனக்கு இங்க ஒரு வேலை குடு."

தலைமை அலுவலகம் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது. எட்டாம் நம்பர் இரண்டாம் மாடியில் கால் அளக்க உட்கார்ந்தார். தலைவலி விட்டது. எதிர்ப்பக்கம் சின்னக் கடையில் உட்கார்ந்த ஏழரைக்குத்தான் போட்டி வெறி பிடித்துவிட்டது. நடுத்தெருவில் நின்றுகொண்டு, "கம்பெனிக்காரங்களை நம்பாதீங்க! கொள்ளைக்காரங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பாவம் பார்த்து எட்டாம் நம்பர் சாப்பாட்டுத் தூக்கோடு போனால், "எதிரிகூட உக்காந்து சாப்பிடறதில்லை" என்று தட்டிவிட்டார்.

சம்பள நாளில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஏழரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.