வெள்ளைக்காரியளுக்கு வைச்ச பொட்டு

என்ர மனிசன் தங்கராசாவுக்கு ஒரு இடத்தில சும்மா இருக்கத் தெரியாது. டோர்வல் விமான நிலையத்தில பிளேன் துப்புரவாக்கிற வேலை. வீட்ட வந்து கதிரையில இருந்தாலும் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். "காலாட்டாதேங்கோ, வீட்டுக்கு ஆகாது" எண்டு கத்திக் கத்தி என்ர தொண்டை போச்சு.

இந்த மனிசனுக்குப் பிடிச்ச விசர் சிகரெட் அட்டை. ஒரு சிகரெட் பத்தியறியாத ஆள்! நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தி விளம்பரத்துக்கெண்டு சிகரெட் பெட்டிக்குள்ள வைச்சுக் குடுத்த சின்னப் படங்களாம். எல்லாம் மேடையில ஆடிப் பாடின வெள்ளைக்காரியள். மொத்தம் இருபத்தைஞ்சு. பன்னிரண்டு வருசம் நாயா அலைஞ்சு இருபத்திநாலு சேர்த்திட்டார். பதினேழாம் நம்பர், ராசகுமாரன் வேசத்தில வாளோட நிக்கிறவள், அவள் மட்டும் இல்லை.

அவள் ரொக்ஸ்பரோவில பற்றிக் எண்ட கிழவனிட்ட இருந்தாள். "உன்னட்ட இரட்டையாக் கிடக்கிற நாலைத் தா, அவளைத் தாறன். ஒரு கீறலும் இருக்கக்கூடாது. சனிக்கிழமை வராட்டி ஏலத்தில போட்டிடுவன்" எண்டிட்டான். அண்டையில இருந்து இவருக்கு நித்திரையே இல்லை.

புதன்கிழமை சரஸ்வதி பூசை. இவர் வேலையில. பிள்ளையளின்ர புத்தகங்களோட அட்டையள் அடுக்கின அவற்ற அல்பத்தையும் சாமிப்படத்துக்கு முன்னால வைச்சன். இவளவையும் கலைஞர்தானே? "தாயே, அந்தப் பதினேழாவது கிடைக்கோணும்" எண்டு மனசாரக் கும்பிட்டு, ஒவ்வொரு அட்டையா உறையால எடுத்து, புத்தகத்துக்கு வைக்கிறமாதிரி நெற்றியில சந்தனமும் குங்குமமும் வைச்சன். இரட்டையாக் கிடந்த நாலையும் விடேல்லை.

வேலையால வந்தவர் அல்பத்தைத் திறந்து பார்த்தார். பஞ்சால ஒண்டைத் துடைச்சார். பொட்டோட சேர்ந்து மூக்கும் வந்திட்டுது. பேந்து குசினிக்கும் அறைக்கும் நடை, நடை, ஒரே நடை.

"என்னை ஏசுங்கோவன்" எண்டன்.

"நீர் எனக்காகத்தானே வைச்சனீர்" எண்டார். ஐயோ, ஏசியிருந்தால் ஆறியிருப்பன்.

சனிக்கிழமை நானும் கூடப் போனன். பற்றிக் பூதக்கண்ணாடியை வைச்சுப் பார்த்திட்டு, "ஆர் இந்த வேலை செய்தது?" எண்டு கேட்டான். நான் வாய் திறக்க முந்தி இவர், "நான்தான்" எண்டார். பற்றிக் தலையை ஆட்டிப்போட்டுப் பதினேழாம் நம்பரை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினான்.

லாசாலில எங்கட வீட்டுக்குத் திரும்பி வாற பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருந்தார். கை மடியில, கால் ரெண்டும் நிலத்தில. அசைவே இல்லை. ஒரு தரிப்பு, ரெண்டு தரிப்பு, பத்துத் தரிப்பும் போச்சு.

"இஞ்சாருங்கோ," அவற்ற முழங்காலில கை வைச்சன், "காலை ஆட்டுங்கோவன்."