கோட்டை பார்க்க வந்தவர்கள்

1. முதல் நாள்

அயர்லாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி பிரெண்டன் என்னை மினிபஸ்ஸின் ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவர் வழி சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். ஒரே சுற்றில் மூன்று கோட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தோம்.

நான் இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பக்கத்தில் எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். மனைவி பிரேமா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நானும் பின்னாலேயே போனேன். அந்த நாட்டு லைசன்ஸ் எடுத்து, பிரெண்டனின் சிறிய டுவர் கம்பெனியில் டிரைவர்-கைடாகச் சேர்ந்தேன்.

ஓட்டுவது சிரமமாக இல்லை. அங்கேயும் இடது பக்கம்தான். ஒடுங்கிய வீதி, வளைவுக்கு மேல் வளைவு. எங்கள் மலைப்பக்கத்துப் பசறை வீதியில் ஓட்டிய கைக்கு அது பழக்கமானது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கே கல்மதில் இருந்தது, அவ்வளவுதான்.

கோட்டை என்றதும் நான் நினைத்தது அரண்மனையை. அங்கே இருந்தவை உயரமான ஒற்றைக் கல் கட்டடங்கள். டவர் ஹவுஸ் என்பார்கள். அறுநூறு வருடம் பழையவை. வாசலுக்கு நேர் மேலே ஒரு துவாரம் இருக்கும். உள்ளே புகுந்த எதிரியின் தலையில் அதன் வழியாகக் கல்லைப் போடுவார்களாம். சுருள் படி வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பி மேலே போகும். ஏறுகிறவனின் வலது கை நடுத்தூணில் இடிக்கும், வாளை வீச முடியாது. நடுவில் ஒரு படி மட்டும் வேண்டுமென்றே உயரம் கூடுதலாக இருக்கும், தெரியாதவன் தடுக்கி விழுவதற்கு. இதையெல்லாம் பிரெண்டன் எனக்கு, பயணிகளிடம் சொல்லவேண்டிய கொமென்ட்ரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

முதல் கோட்டை துறைமுகத்தின் பக்கத்தில். இரண்டாவது ஊருக்குள், பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில். மூன்றாவது ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த மேய்ச்சல் நிலத்தில் கூரை இல்லாமல் நின்றது. அதன் சாவி பக்கத்து வீட்டில் நோரா என்ற அம்மாவிடம் இருந்தது. வேண்டியவர்கள் கதவைத் தட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது பிரெண்டன் ஒன்று சொன்னார். அங்கே எல்லாரும் பேசிய ஆங்கிலத்தை நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு தங்களோட குடும்பப் பேரு உள்ள கோட்டையத் தேடி வர்றவங்க. இது எங்க ஆளுங்களோடதானேன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடு. அவங்களுக்குச் சந்தோசம். கோட்டைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

எனக்கு அது தப்பாகப் படவில்லை. எல்லவில் நாங்களும் அப்படித்தான். உலகத்திலேயே நல்ல தேயிலை இதுதானா என்று கேட்டால் ஆமாம் என்போம்.

அன்றைக்கு வீட்டில் சொன்னபோது பிரேமா சிரித்தாள். "எங்க தாத்தா இந்தியாவுல முசிறிப் பக்கம்னு மட்டும்தான் சொல்லுவாரு. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஏதாச்சும் கோட்டை இருந்தா நம்மளும் ஒண்ணு எடுத்துக்கலாங்க."

2. எட்வர்டும் ஹெலனும்

அடுத்த கோடையில் அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். வேறு ஆள் வேண்டாம், எங்களுக்கு மட்டும் வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தகப்பன் எட்வர்டுக்கு எண்பது தாண்டிவிட்டது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இருதய ஒபரேசன் ஆன உடம்பு. இதற்குப் பிறகு இவ்வளவு தூரம் பறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியதாக மகள் ஹெலன் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆகவே இந்தப் பயணம் ஒரு தடவைதான்.

அவர்களுடைய குடும்பப் பெயரும் மூன்றாவது கோட்டையின் பெயரும் ஒன்று. எட்வர்டின் தாத்தா பையனாக இருந்தபோது தாய் தகப்பனோடு கப்பலேறிப் போனவர். "நம்ம கோட்டையில இருந்து வந்தவங்க" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஹெலனின் வீட்டு ஹாலில் அந்தக் கோட்டையின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. போனில் எனக்குக் காட்டினார்.

முதல் இரண்டு கோட்டைகளிலும் அவர்களுக்கு மனம் செல்லவில்லை. நான் படியைப் பற்றிச் சொன்னதை மரியாதைக்குக் கேட்டார்கள். மூன்றாவது கோட்டை தூரத்தில் தெரிந்ததும் எட்வர்ட் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஹெலன் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"இது எங்க குடும்பத்தோடதுதானே?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். கண்ணாடியில் எட்வர்டின் முகம் தெரிந்தது. என் வாயில் வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

"சாவி வச்சிருக்கிற அம்மாவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும் மேடம். அவங்களையே கேப்போம்" என்றேன்.

நோரா கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும். பண்ணையில் உழைத்த கை. ஹெலன் குடும்பப் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"எனக்கும் அதுதான் பேரு. இந்தப் பக்கத்துல கல்ல விட்டெறிஞ்சா அந்தப் பேரு உள்ள ஆள் மேலதான் விழும்."

"எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கோட்டையில இருந்தவரு" என்றார் ஹெலன்.

"எப்ப போனாரு?"

ஹெலன் கணக்குச் சொன்னார். நோரா தலையை ஆட்டினார். குரலில் கேலி இல்லை, ஆனால் மழுப்பலும் இல்லை.

"அப்ப கோட்டையில யாரும் இல்லம்மா. அதுக்கு இருநூறு வருசம் முன்னாலேயே கூரை போயிருச்சு. எங்க அப்பா காலத்துல மாடு கட்டினோம். பெரியவங்க வீடு எந்த இடம்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

எட்வர்ட் அப்போதுதான் வாய் திறந்தார். தாத்தாவின் மடியில் இருந்தபோது கேட்ட ஒரு வார்த்தையைச் சொன்னார். அது இடத்தின் பெயரா, ஆளின் பெயரா என்று அவருக்கே தெரியாது. நோரா அதைத் தன் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு உச்சரிப்பைக் கொஞ்சம் மாற்றி, சத்தமாகச் சொன்னார்.

"அது இந்தா இருக்கு. கோட்டைக்குப் பின்னால இருக்கிற மேடு."

3. மேட்டில்

ஹெலனுக்குக் கோபம். அப்பாவின் மனதை இப்படியா உடைப்பது என்று என்னிடம்தான் கேட்டார். கொஞ்சம் தள்ளிப் போய் பிரெண்டனுக்குப் போன் போட்டார். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்க? நான் சொன்னதச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? உடனே வண்டிய எடு. சாப்பாட்டுக்கு டேபிள் போட்டிருக்கு. நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த ஊரில் தமிழ் டிரைவருக்கு இன்னொரு டுவர் கம்பெனி காத்துக்கொண்டிருக்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்தேன். எட்வர்ட் ஏறவில்லை.

"அந்த மேட்டுக்கு வண்டி போகுமா?" என்று கேட்டார்.

"அப்பா, போதும்" என்றார் ஹெலன்.

"நான் உன்னக் கேக்கல. டிரைவரத்தான் கேக்கிறேன்."

மழைத் தூறல். மேலே போகும் பாதை, டிராக்டர் போகும் மண்பாதை. இரண்டு பக்கமும் கல்மதில். பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டால் மினிபஸ் நுழையும். "மெதுவாப் போனா போகும் சார்" என்றேன். நோரா பூட்ஸைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார்.

மேலே கோட்டை எதுவும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு நாலு பக்கமும் கல் வரிசை. அப்படி ஏழெட்டு, அடுத்தடுத்து. அதற்குப் பின்னால் சரிவு முழுவதும் பச்சைப் புல், புல்லுக்கு அடியில் நீளநீளமான மேடுகள். நோரா சொல்வதற்கு முன்பே எனக்கு அது என்னவென்று பிடிபட்டது. எங்கள் ஊரில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற பாத்திகள் போலவே இருந்தன. கிழங்கு போட்டவர்களைக் குத்தகை கட்டவில்லை என்று நிலச் சொந்தக்காரர் விரட்டியபின் யாரும் அங்கே மண்ணைக் கிளறவில்லை, அதனால் அப்படியே கிடக்கிறது என்று நோரா சொன்னார்.

நான் ஒரு கல் வரிசைக்குள் நின்றேன். நாலு எட்டில் மறுபக்கச் சுவர் வந்துவிட்டது. ஹெலன் வெளியிலேயே நின்றார்.

"இதுக்குள்ள எத்தன பேரு இருந்திருப்பாங்க?" என்று அவர் யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

"எட்டுப் பேரு, பத்துப் பேரு" என்றார் நோரா.

"நாங்க ஏழு பேரு மேடம்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் பொறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்துல. ஒரே வரிசையில பத்து வீடு. ஒவ்வொண்ணும் இந்த அளவுதான் இருக்கும். துரை பங்களா மட்டும் எங்க நின்னாலும் தெரியும்."

அவர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார்.

எட்வர்ட் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோராவைக் கேட்டார்.

"இதுதான் வீடுன்னா, எங்க தாத்தா ஏன் எப்பவும் கோட்டை கோட்டைன்னே சொன்னாரு? பொய் சொல்ற மனுசன் இல்ல அவரு."

நோரா கடலின் பக்கம் கையை நீட்டினார்.

"பொய் சொல்லல. கப்பல்ல நின்னு பாத்தா இந்த மேடு ஒரு பச்சைதான். வீடு எதுவும் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியிறது கோட்டை மட்டும்தான். சின்னப் பையன் அதத்தானே பாத்துக்கிட்டுப் போயிருப்பான்."

எட்வர்ட் அழுதார். மகள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் நோராவும் வண்டிக்குப் போய்விட்டோம்.

4. ஆபீசில்

மறுநாள் காலை பிரேமா எனக்கு முன்னால் எழுந்து தேத்தண்ணி போட்டு வைத்திருந்தாள். "போனாப் போகுதுங்க. என் சம்பளம் இருக்கு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

பிரெண்டன் மேசைக்குப் பின்னால் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பெரியவரு காலையிலேயே போன் பண்ணிட்டாரு. இன்னைக்கும் அந்த மேட்டுக்குப் போகணுமாம். அதே டிரைவர் வேணுமாம். நோரா வீட்ல டீ குடிக்கப் போறாங்களாம்."

நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"நீ பண்ணது சரின்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் இவர மாதிரி எடுத்துக்க மாட்டாங்க. மகளுக்கு இன்னும் வருத்தம்தான்." மேசையில் இருந்த வண்டிச் சாவியை என் பக்கம் தள்ளினார். "ஆனா இனிமே ஆமான்னு சொல்லுன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். போ, வண்டிய எடு."

ஹெலன் என்னோடு கடைசிவரை அளவாகத்தான் பேசினார். ஊருக்குப் புறப்படும்போது மட்டும், அந்த மேட்டை நீங்களே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, மழை இல்லாத நாளில், என்று கேட்டார். அப்படி ஒரு நாள் கிடைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

5. பங்களா

நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தோம். பிரேமாவின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் மறுபடியும் எல்லவில் வேன் ஓட்டுகிறேன். இங்கேயும் கோட்டை தேடி வருகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் தாத்தா தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த பங்களாவைப் பார்க்க வருகிறவர்கள். முன்பெல்லாம் பங்களாவைக் காட்டி, புல்வெளியில் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன வருடம் ஓர் ஆங்கிலேயப் பெண் வந்தாள். லுணுகலைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டம். பங்களா இப்போது ஹோட்டல். பார்த்து முடித்ததும், தாத்தாவைத் தெரிந்த யாராவது இருப்பார்களா என்று கேட்டாள். அவளை வேனில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் லயத்துக்கு இறங்கிப் போனேன். பார்வதி அக்கா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் கொழுந்து பறித்தவர். விசயத்தைச் சொன்னேன்.

"பங்களாவப் பாக்க வந்த பிள்ளைக்கு இங்க என்னாப்பா வேல?"

"பேசணுங்குது அக்கா. நீங்க வேணாம்னா கூட்டிட்டுப் போயிர்றேன்."

அவர் விறகை வைத்துவிட்டுக் கைத்தூசியைத் தட்டினார். "போட்டோ புடிக்கிறதுன்னா வேணாம். உக்காந்து பேசுறதுன்னா வரட்டும்."

அந்தப் பெண் வந்து பலகையில் உட்கார்ந்தாள். தன் தாத்தாவைத் தெரியுமா என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

"நல்லாத் தெரியும்" என்றார் பார்வதி அக்கா. "அவரு நடை தெரியும், நாய் தெரியும், கோவம் வந்தா தொப்பியக் கழட்டுவாரு, அதுவும் தெரியும். அவருக்குத்தான் எங்கள ஒருத்தரையும் தெரியாது."

ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவரைப் பார்த்தே கேட்டாள், உங்கள் பெயர் என்ன என்று. அன்றைக்கு நாங்கள் அங்கிருந்து புறப்பட இருட்டிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பெரிய கட்டடத்தைக் காட்ட கைடு தேவையில்லை, அது எங்கிருந்தும் தெரியும். வந்தவருக்குத் தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போகத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் முதலில் தனியாக இறங்கிப் போங்கள். அங்கே இருப்பவர்கள் வரச் சொன்ன பிறகு வேன் கதவைத் திறங்கள்.