உங்க இஷ்டமுங்க

தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மூன்று அக்காமாருக்குப் பின்னால் நாலாவது பெண்ணாகப் பிறந்தவள் நான். ஆறு வயதில் என்னைச் சிங்காநல்லூருக்கு அனுப்பினார்கள். அங்கே அம்மாவின் கூடப்பிறந்த அக்கா இருந்தாள். பெரியப்பாவுக்கு மில்லில் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு பெண்ணைக் கொடு, வளர்த்துக்கொள்கிறேன் என்று பெரியம்மா கேட்க, அம்மாவால் மறுக்க முடியவில்லை.

மோட்டார் பஸ் ஏறும் நாளில் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "அங்க போயி அது வேணும் இது வேணும்னு கேக்கக் கூடாது கண்ணு. குடுத்தா வாங்கிக்கோணும். பெரியம்மா மனசு நோகாம நடந்துக்கோணும்."

பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சொல்லியிருப்பாள். அந்தப் பயம் எனக்குத் தெரியவில்லை. சொன்னது மட்டும் அப்படியே மனதில் நின்றுவிட்டது.

பெரியம்மா கெட்டவள் இல்லை. போன முதல் வாரம் கொள்ளுப்பருப்பு கடைந்து போட்டு, "நல்லாருக்கா அம்மணி?" என்றாள். எனக்கு அந்த வாசனையே ஆகாது. "நல்லாருக்குதுங்க" என்றேன். எனக்குப் பிடித்தது என்று நினைத்து வாரம் இரண்டு முறை கடைந்தாள். நானும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத புள்ளை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தாள். மூன்றாவது அக்காவுக்கும் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். உயரத்தைத் தோராயமாக நினைத்துத் தைத்திருக்கிறாள். கட்டிப் பார்த்தால் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அம்மா அதைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து பெரியம்மாவிடம் போனாள்.

"ஊடே வெறிச்சுனு கெடக்குதுங்கக்கா. இவளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

பெரியம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "அவளையே கேட்டுக்கலாம்" என்றாள்.

இருவரும் என்னை நடுவில் நிறுத்தினார்கள். "ஊருக்கு வாரயா கண்ணு?" என்றாள் அம்மா. போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பெரியம்மாவின் கை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்: "உங்க ரெண்டு பேருக்கும் எது தோதோ, அப்படியே செய்யுங்க. உங்க இஷ்டமுங்க."

எங்கள் பக்கத்தில் பெற்ற தாயிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அதில் ஒரு கொஞ்சல் இருக்கும். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது விருந்தாளிக்குச் சொல்கிற 'ங்க'. அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன். "செரி, இங்க நல்லா இருக்கறா. இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டாள். சாப்பிடச் சொல்லியும் சாப்பிடவில்லை. மத்தியான மோட்டாரிலேயே போய்விட்டாள்.

பெரியம்மாவாவது சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இங்கதான் இருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வல்லயே" என்றாள். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைத்தவள், ஒரே பதிலில் இரண்டு பேரையும் நோகடித்திருந்தேன்.

பதினாறு முடிவதற்குள் கொடுமுடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அதே பதில்தான் சொன்னேன்.

அடுத்த வருஷமே அம்மா படுத்துவிட்டாள். பார்க்கப் போனேன். மோட்டார் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அன்றைக்கு உங்களோடு வரத்தான் ஆசையாக இருந்தது, அம்மா. கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "உனக்கு எதாச்சும் வேணுமா கண்ணு?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாமுங்க."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். சந்தைக்குப் போகும்போதெல்லாம் என்ன வாங்கிவர என்று கேட்பார். நானும் ஒன்றும் வேண்டாம் என்பேன். இரண்டு வருஷம் கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னார்: "உனக்கு என்ன புடிக்கும்னு எனக்கு இன்னும் தெரியல. நீ இந்த ஊட்டுக்கு வந்து சேந்துட்டியான்னே தெரியல." அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு உள்ளே போனேன்.

எனக்குப் பெண் பிறந்தபோது, இவளுக்கு நான் அம்மா எனக்குச் சொன்ன மாதிரி எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். சொல்லவும் இல்லை. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். தட்டில் முறுக்கு நீட்டினார்கள். அவள் கையை நீட்டாமல் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். "வாங்கிக்கோ" என்றேன். ஒன்று எடுத்தாள். இன்னொன்று எடு என்று தட்டை மறுபடி நீட்டினார்கள்.

"போதுமுங்க" என்றாள், தரையைப் பார்த்து.

"எத்தனை பாங்கா வளத்திருக்கறீங்க" என்று அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.